எமரால்டில் தண்ணி 93 டிகிரியில் கொதிக்குது: அறிவியல் சிமுலேஷனுக்கு சந்தா கட்டலாமா?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எமரால்டுல ஆரம்பிக்குது. ஊட்டியில இருந்து அவலாஞ்சி போற பக்கம் இருக்கிற ஊர். மின்வாரியத்தோட அணை, அதைச் சுத்தி தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு. டூரிஸ்ட்டா போனவங்களுக்கு ஏரி ஞாபகம் இருக்கும். எனக்கு அது பெரியம்மா ஊர்.

பெரியம்மா பொண்ணு, அதாவது என் அக்கா, அங்க சாயங்காலம் டியூஷன் எடுக்குறாங்க. ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் 14 பசங்க. ஒருநாள் போன் பண்ணி, "சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் டேப்லயே பண்ணலாம்னு ஒருத்தர் வந்து டெமோ காட்டிட்டுப் போயிருக்கார். வருஷ சந்தா. ஒரு பையனுக்கு இவ்வளவுன்னு கணக்கு. பத்து நாள் ட்ரையல் கொடுத்திருக்காங்க. நீதான் இதெல்லாம் மைக் முன்னாடி உட்கார்ந்து பேசுறியே, வந்து பார்த்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு சொல்லு"ன்னாங்க.

நான் கோயம்புத்தூர்ல இருந்து சனிக்கிழமை காலையில கிளம்பிப் போனேன். ரேட்டைப் பார்த்துட்டு, நாலு சிமுலேஷன் ஓட்டிப் பார்த்துட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்னுதான் நினைச்சேன். அங்க நடந்தது வேற.

அடிச்சு எழுதின 93

ஒன்பதாவது படிக்கிற ஒரு தம்பி. அக்கா அவனுக்குக் கொடுத்த வேலை இதுதான்: டேப்ல "தண்ணீர் கொதித்தல்" சிமுலேஷனை ஓட்டணும், அதே நேரத்துல அடுப்புல நிஜமாவே தண்ணி கொதிக்க வெச்சு தெர்மாமீட்டர்ல அளக்கணும். ரெண்டையும் நோட்டுல எழுதணும்.

டேப்ல பர்னர் பட்டனைத் தட்டினா வெப்பநிலை ஏறுது. சரியா 100ல நிக்குது, குமிழி வருது, "சபாஷ்"னு ஒரு நட்சத்திரம் வருது. அடுப்புல இருந்த பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்குது, தெர்மாமீட்டர் 93க்கும் 94க்கும் நடுவுல நிக்குது. அதுக்கு மேல ஏறவே இல்ல.

தம்பி முதல்ல 93ன்னுதான் எழுதியிருந்தான். அப்புறம் அதை அடிச்சுட்டு 100ன்னு எழுதிட்டான். ஏன்டா மாத்தினேன்னு கேட்டேன். "தெர்மாமீட்டர் பழசுக்கா"ன்னான்.

இந்த எபிசோட் பூரா இந்த ஒரு வரியைப் பத்திதான். அவன் அளந்தது சரி. எமரால்டு கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல தண்ணி 93, 94லதான் கொதிக்கும். ஆனா திரை 100ன்னு சொல்லி நட்சத்திரமும் கொடுத்தப்போ, அவன் சந்தேகப்பட்டது தன் கையில இருந்த கருவியை. திரையை அவன் சந்தேகப்படல. அந்த ஆப் பேரை இங்க சொல்லப்போறதில்ல. இது ஒரு ஆப்போட பிரச்னை மட்டும் இல்ல.

முதல்ல தெர்மாமீட்டரை விசாரிச்சோம்

அவன் சொன்னதை அப்படியே தள்ளிடவும் கூடாது. கருவி தப்பா இருக்கலாம்னு நினைக்கிறது நல்ல சந்தேகம்தான். அதனால ஐஸை உடைச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்தி, அதுல தெர்மாமீட்டரை வெச்சோம். 0 காட்டுச்சு. அடுப்பை இன்னும் கூட்டி வெச்சுப் பார்த்தோம். தண்ணி வேகமா ஆவியாச்சே தவிர, 94ஐத் தாண்டல. பக்கத்து வீட்டுல இருந்து இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து பார்த்தோம். அதுவும் அதே இடத்துலதான் நின்னுச்சு.

அடுத்து என் போன். ஃபைபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனியோட ஆஹன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது. போன்ல இருக்கிற சென்சார்களை அளவுக் கருவியா மாத்திடும். எல்லா போன்லயும் காற்றழுத்த சென்சார் இருக்காது, என்னோடதுல இருந்துச்சு. திறந்தா 800 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்டுது. கடல் மட்டத்துல சராசரி 1013.

இங்க ஒரு வேடிக்கை. இன்னொரு பையன் வானிலை ஆப்பைத் திறந்து, "அக்கா, இதுல 1015ன்னு போட்டிருக்கே"ன்னான். வானிலை ஆப்ல வர்ற அழுத்தம் பொதுவா கடல் மட்டத்துக்கு மாத்திக் கணக்குப் போட்டது. ஊட்டியையும் சென்னையையும் ஒரே வரைபடத்துல ஒப்பிடணும்னா அப்படி மாத்தித்தான் ஆகணும். ஆக, ஒரே போன்ல ரெண்டு எண். ஒண்ணு அந்த அறையில இருக்கிற காத்து. இன்னொண்ணு, அந்த அறை கடற்கரையில இருந்திருந்தா எவ்வளவு இருக்கும்ங்கிற கணக்கு.

ஏன் 93?

சுருக்கமா சொல்றேன். தண்ணிக்குள்ள மூலக்கூறுகள் ஓடிக்கிட்டே இருக்கு. சூடு ஏற ஏற, தப்பிச்சு ஆவியா போகப் பார்க்கிற மூலக்கூறுகள் அதிகமாகும். அந்த ஆவிக்கு ஒரு தள்ளுவிசை உண்டு, அதைத்தான் ஆவி அழுத்தம்னு சொல்றோம். மேல இருந்து காத்து தண்ணியை அழுத்திக்கிட்டு இருக்கு. ஆவி அழுத்தம் அந்த வெளி அழுத்தத்துக்குச் சமமாகும்போதுதான் தண்ணிக்குள்ள குமிழி உடையாம நிக்க முடியும். அதுதான் கொதித்தல்.

எமரால்டுல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல அஞ்சுல நாலு பங்குதான். அதனால தண்ணி அவ்வளவு சூடாக வேண்டியதில்ல, சீக்கிரமே கொதிச்சுடும். தோராயமா ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்கும்.

மலைக்குப் போய் சமைச்சவங்களுக்கு இது தெரியும். தண்ணி சீக்கிரம் கொதிக்கும், ஆனா பருப்பு வேகவே வேகாது. கொதிக்கிற தண்ணியே அங்க சூடு கம்மி. குக்கர் வெயிட், வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல இன்னும் ஒரு மடங்கு சேர்க்கும். கடல் மட்டத்துல அதனால உள்ள 121 டிகிரி வரைக்கும் போகும். எமரால்டுல வெளி அழுத்தமே குறைவு, அதனால 117 பக்கம்தான். பெரியம்மா கூட ரெண்டு விசில் விடுறது சும்மா இல்ல.

பாடப்புத்தகம் தப்பா? இல்ல. 100 டிகிரிங்கிறது 1 வளிமண்டல அழுத்தத்துல. அந்த நிபந்தனை முக்கியம். தம்பிக்கு உடனே வந்த கேள்வி, "பரீட்சையில என்னக்கா எழுதறது?" நியாயமான கேள்வி. "இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ்"னு நிபந்தனையோட எழுதணும். செய்முறை நோட்டுல நீ அளந்ததை எழுதணும். ரெண்டும் சரியான விடை, ரெண்டு வேற கேள்விக்கு.

அனிமேஷன் வேற, சிமுலேஷன் வேற

சரி, சந்தா விஷயத்துக்கு வருவோம். விக்கிறவங்க எல்லாத்தையும் "இன்டராக்டிவ்"னு ஒரே பேர்லதான் சொல்லுவாங்க. உள்ள இருக்கிறது ரெண்டு வகை.

அனிமேஷன்னா முன்னாடியே வரைஞ்சு வெச்ச படம். நீங்க பட்டனைத் தட்டுவீங்க, அது ஓடும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான் வரும். தமிழ்நாடு அரசு 2023ல கொண்டு வந்த மணற்கேணி செயலியை எடுத்துக்கோங்க. பாடத்தை அழகா தமிழ்ல, முப்பரிமாணப் படத்தோட விளக்குற வீடியோக்கள், அதுவும் இலவசமா. புரிஞ்சுக்க ரொம்ப நல்லது. ஆனா அதோட வேலை விளக்கிக் காட்டுறது.

சிமுலேஷன்னா உள்ள ஒரு விதி ஓடணும். நீங்க ஒரு அளவை மாத்தினா, விதி கணக்குப் போட்டு புது விடை கொடுக்கணும். ஊசலோட நீளத்தைக் கூட்டினா அலைவு மெதுவாகணும். நிலாவுக்குப் போனா இன்னும் மெதுவாகணும். நீங்க ஒண்ணைத் தப்பா செஞ்சா, தப்பான விளைவு வரணும்.

அக்கா வீட்டு டேப்ல இருந்தது முதல் வகை. சிமுலேஷன்ங்கிற பேர்ல, 100ன்னு எழுதி வெச்ச அனிமேஷன். அழுத்தத்தை மாத்த ஒரு வழியும் இல்ல. 2000 மீட்டர் உயரத்துல உட்கார்ந்திருக்கிற பையன் அதுல தன் ஊரைக் கொண்டுவர முடியாது.

அப்போ சிமுலேஷனே வேண்டாமா?

அவசரப்படாதீங்க. எதிர்ப்பக்கத்துக்கும் நல்ல ஆதாரம் இருக்கு.

2001ல இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டவர்கள்ல ஒருத்தர் கார்ல் வீமன். அவர் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல ஒரு திட்டம் ஆரம்பிச்சார். பரிசுப் பணத்துல ஒரு பகுதியும் அதுக்குப் போச்சு. அதுதான் ஃபெட். இன்னைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்னு 150க்கு மேல சிமுலேஷன்கள், நூத்துக்கு மேற்பட்ட மொழிகள்ல மொழிபெயர்ப்பு. நிறைய சிமுலேஷன்கள் தமிழ்லயும் கிடைக்குது.

2005ல அந்தப் பல்கலைக்கழகத்துல நோவா ஃபிங்கெல்ஸ்டீனும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மின்சுற்றுப் பாடம். ஒரு குழு மாணவர்களுக்கு நிஜமான பல்ப், வயர், பேட்டரி. இன்னொரு குழுவுக்கு ஃபெட்டோட மின்சுற்று சிமுலேஷன். கடைசியில தேர்வுல சிமுலேஷன் குழு நல்லா எழுதினாங்க. அதோட, நிஜ வயரைக் கையில கொடுத்து சுற்று அமைச்சு விளக்கச் சொன்னப்பவும் அவங்கதான் நல்லா செஞ்சாங்க.

எப்படி? நிஜ வயர்ல எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாது. சிமுலேஷன்ல நீல உருண்டைகளா ஓடுறது தெரியும். பல்பு ஒண்ணைக் கூடச் சேர்த்தா ஓட்டம் மெதுவாகுறதைப் பார்க்கலாம். பேட்டரியை ஷார்ட் பண்ணினா தீப்பிடிக்கும், ஆனா கை சுடாது. நிஜ லேப்ல வயர் லூசா இருந்தா, பேட்டரி செத்திருந்தா, பாதி பீரியட் அதுலயே போயிடும். சிமுலேஷன் அந்தக் குழப்பத்தை எல்லாம் எடுத்துட்டு விதியை மட்டும் கண் முன்னாடி வைக்குது.

எமரால்டுக்கே வருவோம். ஏரித் தண்ணி சுரங்க வழியா இறங்கி குந்தா நீர்மின் திட்டத்துக்குப் போகுது. கனடா உதவியோட 1950கள்ல தொடங்கி கட்டின திட்டம். பசங்க தினம் அந்த அணையைப் பார்க்கிறாங்க, ஆனா டர்பைனைத் திறந்து காட்ட முடியாது. மின் நிலையத்துக்குள்ள நினைச்சப்போ போகவும் முடியாது. ஒரு கன மீட்டர் தண்ணி 100 மீட்டர் இறங்கினா கிடைக்கிற ஆற்றல், இழப்பைக் கழிக்காமலே 0.27 யூனிட்தான். இந்தக் கணக்கைப் போட்டுட்டு, காந்தம் சுத்தினா சுருள்ல மின்சாரம் வர்ற சிமுலேஷனை ஓட்டிப் பார்த்தா, அணை ஏன் அவ்வளவு பெருசுன்னு புரியும். இங்க சிமுலேஷனுக்குப் பதில் வேற எதுவும் இல்ல.

ஆக நான் வெச்சுக்கிட்ட அளவுகோல் இது. கையால அளக்க முடியுறதை முதல்ல கையால அளக்கணும். கண்ணுக்குத் தெரியாதது, ஆபத்தானது, நம்ம ஊர்ல கிடைக்காதது, இதுக்கெல்லாம் சிமுலேஷன். கொதிக்கிற தண்ணி முதல் வகை. ஆனா "இதே தண்ணி சென்னையில எப்படி கொதிக்கும்?"ங்கிறது எமரால்டு பையனுக்கு ரெண்டாவது வகை. கடற்கரைக் காத்தை மலைக்கு எடுத்துட்டு வர முடியாது இல்லையா?

சந்தா கட்டினா எதுக்குக் கட்டுறோம்?

உலக அளவுல சந்தா வாங்கிக்கிட்டு நடத்துற பெரிய சேவைகள் உண்டு. அமெரிக்காவோட எக்ஸ்ப்ளோர்லேர்னிங் நிறுவனம் நடத்துற கிஸ்மோஸ்ல 500க்கு மேல சிமுலேஷன்கள், பெரும்பாலும் பள்ளி மாணவர்களுக்கு. டென்மார்க்ல தொடங்கின லேப்ஸ்டர், கல்லூரி அளவுக்கான முப்பரிமாண லேப்.

இந்தப் பணம் முழுசும் வீண்னு சொல்ல மாட்டேன். சந்தா சேவைகள்ல வழக்கமா கிடைக்கிறது: பாடத்திட்டத்தோட பொருத்தி வெச்ச வரிசை, ஆசிரியருக்கு தயாரா ஒரு பயிற்சித் தாள், எந்தப் பையன் எந்தக் கேள்வியில தடுமாறினான்னு காட்டுற பக்கம், பழுதானா கேட்க ஒரு ஆள். நாலு வகுப்புக்கு, வாரத்துக்கு இருபது பீரியட் எடுக்கிற ஆசிரியருக்கு இதெல்லாம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொரு பக்கம், இலவசமா கிடைக்கிறதையும் தெரிஞ்சுக்கணும். ஃபெட்டோட சிமுலேஷன்கள் இலவசம், டவுன்லோட் பண்ணி நெட் இல்லாமலும் ஓட்டலாம். நிறுவனங்கள் தங்களுக்கு ஏத்த மாதிரி உள்ள மாத்திக்கிற வசதிக்கு தனியா உரிமக் கட்டணம். நம்ம நாட்டுல அம்ருதா பல்கலைக்கழகமும் சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கின ஓலேப்ஸ் பள்ளி வகுப்புகளுக்கு இருக்கு. பொறியியல் மாணவர்களுக்கு மத்திய கல்வி அமைச்சகத்தோட விர்ச்சுவல் லேப்ஸ்.

திரையே இல்லாத ஒரு வழியும் தமிழ்நாட்டுல இருக்கு. 2022 நவம்பர் 28 அன்னைக்கு திருச்சி காட்டூர்ல முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வெச்ச வானவில் மன்றம். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் படிக்கிற அரசுப் பள்ளிப் பசங்களுக்கு, கருத்தாளர்கள் சின்னச் சின்ன சோதனைப் பொருட்களோட பள்ளிக்கே வந்து செஞ்சு காட்டுறாங்க. 13,210 பள்ளிகளுக்கான திட்டம். அக்கா கிட்ட வர்ற ஏழாவது பொண்ணு ஒருத்திக்கு பலூனும் பாட்டிலும் வெச்சு காற்றழுத்தம் காட்டத் தெரிஞ்சிருந்துச்சு. கொதிநிலை விஷயத்தை முதல்ல புரிஞ்சுக்கிட்டதும் அவதான்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

அக்காவுக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். உங்க வீட்டுலயோ, உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்கூல்லயோ இந்தப் பேச்சு வந்தா பயன்படும்.

ஒண்ணு. எதை எல்லாம் மாத்த முடியுது? டெமோ காட்டுறவர் செய்யுறதைப் பார்க்காம, டேப்பை நீங்க வாங்கிக்கோங்க. புத்தகத்துல இல்லாத ஒரு அளவைப் போட்டுப் பாருங்க. வேணும்னே தப்பா செய்யுங்க. அப்பவும் அதே விடையும் நட்சத்திரமும் வந்தா, அது வீடியோ. வீடியோவுக்கான விலையைத்தான் கொடுக்கணும்.

ரெண்டு. நெட் இல்லாதப்போ ஓடுமா? நகரத்துல இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல மழை பெய்ஞ்சது. அந்தப் பக்கம் மண் சரிஞ்சு, ரோடு அறுந்து, கரண்ட் போய்... அந்த அளவுக்கு வேண்டாம், சாதாரண ஜூலை மழைக்கே டவர் சில சமயம் படுத்துடும். லாகின் பண்ண நெட் வேணும்னு சொல்ற சேவை அந்த மாசங்கள்ல தூங்கும், சந்தா ஓடிக்கிட்டு இருக்கும்.

மூணு. எந்த மொழி? பசங்க தமிழ் மீடியமா இருந்தா, மெனு மட்டும் தமிழா, இல்ல உள்ள இருக்கிற கேள்வி, விளக்கம் எல்லாமும் தமிழான்னு பாருங்க. "ஆவி அழுத்தம்"னு படிச்ச பையன் திரையில வேற சொல்லைப் பார்த்தா, அறிவியலை விட்டுட்டு மொழியோட மல்லுக்கட்டுவான்.

நாலு. சந்தா முடிஞ்ச மறுநாள் என்ன மிஞ்சும்? புத்தகம் வாங்கினா அடுத்த வருஷப் பசங்களுக்கும் அலமாரியில இருக்கும். சந்தா அப்படி இல்ல. கம்பெனி நிக்கணும், தொழில்நுட்பமும் நிக்கணும். 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தினப்போ, உலகம் முழுக்க எத்தனையோ பழைய அறிவியல் சிமுலேஷன்கள் பிரவுசர்ல திறக்காம போச்சு. ஃபெட்டும் தன்னோட பழைய சிமுலேஷன்களைப் புதுசா எழுத வேண்டியிருந்துச்சு. அதனால பசங்க செஞ்சதெல்லாம் ஆப்புக்குள்ள மட்டும் இருக்கக் கூடாது, நோட்டுல இருக்கணும். ஆட்டோ-டெபிட் போட்டிருந்தா, புதுப்பிக்கிற தேதியைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுடுங்க.

அஞ்சு. பசங்களைப் பத்தின தகவல் எங்க போகுது? பேர், பிறந்த தேதி, அப்பா அம்மா நம்பர் எல்லாம் கேட்பாங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க எல்லாரும் குழந்தைகள். அவங்க தகவலைக் கையாள பெற்றோரோட சம்மதம் வேணும். ஒரு டியூஷன் அக்கா 14 பசங்க சார்பா "ஓகே" தட்டிடக் கூடாது. வீட்டுல கேட்கணும்.

ஸ்கேல் வெச்சு போட்ட கோடு

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளம்பும்போது, அந்தப் பழைய தெர்மாமீட்டரை நான் வாங்கிட்டு வந்தேன். கோயம்புத்தூர்ல வந்து என் வீட்டு அடுப்புல தண்ணி வெச்சேன். இந்த ஊர் உயரம் கிட்டத்தட்ட 410 மீட்டர். 98க்கும் 99க்கும் நடுவுல நின்னுச்சு. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் தம்பி ஒரு கிராஃப் தாள்ல கீழ உயரம், பக்கவாட்டுல கொதிநிலைன்னு போட்டு, ரெண்டு புள்ளி வெச்சு, ஸ்கேலால கோடு இழுத்திருக்கான். 1600 மீட்டருக்கு 5 டிகிரி. அந்தக் கோட்டை நீட்டி, ஊட்டிக்கு 92.7, தொட்டபெட்டாவுக்கு 91.5ன்னு எழுதியிருக்கான். தொட்டபெட்டா உயரம் 2637 மீட்டர். முறையான சூத்திரத்துல கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே எண்தான் வருது.

யோசிச்சுப் பாருங்க, அந்தக் கோடும் ஒரு சிமுலேஷன்தான். ஒரு அளவை மாத்தினா இன்னொண்ணு எப்படி மாறும்னு சொல்லுது. போகாத இடத்தைப் பத்தி ஒரு எண் கொடுக்குது. அந்த எண் தப்பாவும் இருக்கலாம், போய் அளந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அவன் போட்ட கோடுங்கிறதால அதைச் சந்தேகப்படவும் அவனுக்குத் தெரியும்.

அதுக்கப்புறம்தான் ஃபெட்டோட "பொருளின் நிலைகள்" சிமுலேஷனைக் காட்டினோம். தண்ணி மூலக்கூறுகளை ஒரு பெட்டியில போட்டு சூடாக்கலாம், குளிர வைக்கலாம், மூடியை அழுத்தலாம். அதுலயும் எமரால்டுன்னு ஒரு பட்டன் கிடையாது. ஆனா மூடியை அழுத்தினா உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு, "அப்போ நம்ம ஊர்ல மூடி கொஞ்சம் லூசு"ன்னு அந்த ஏழாவது பொண்ணு சொன்னா. நான் இவ்வளவு நேரம் பேசினதை அவ ஒரு வரியில முடிச்சுட்டா.

அக்கா அந்தச் சந்தாவை இப்போதைக்கு எடுக்கல. டெமோ காட்டினவர்கிட்ட, "அழுத்தத்தை மாத்துற மாதிரி இருந்தா ஜூன்ல வாங்க, பேசுவோம்"னு சொல்லியிருக்காங்க. டவுன்லோட் பண்ணின சிமுலேஷன்கள் ஒரு பழைய லேப்டாப்ல இருக்கு. புதுசா நாலு தெர்மாமீட்டர் வாங்கியிருக்காங்க. பத்தாவதுக்கு மேல எடுக்க ஆரம்பிச்சா, கெமிஸ்ட்ரிக்கு ஒரு நல்ல கட்டணச் சேவை தேவைப்படலாம்னு அவங்களே சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது.

தம்பியோட நோட்டைப் போன்ல காட்டச் சொன்னேன். அடிச்ச 93 அடிச்ச மாதிரியே இருக்கு. பக்கத்துல இருந்த 100ஐயும் அடிச்சிருக்கான். கீழ புதுசா ஒரு வரி: "எமரால்டு, 800 ஹெக்டோபாஸ்கல், 93.5 டிகிரி."

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுல தண்ணி கொதிக்க வெச்சு அளந்து பாருங்க. லேப்ல பயன்படுத்துற தெர்மாமீட்டர்தான் வேணும், காய்ச்சல் பார்க்கிறதை தயவுசெஞ்சு உள்ள விட்டுடாதீங்க. பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கட்டும். ஊர் பேரு, உயரம், எத்தனை டிகிரி, இந்த மூணையும் எங்களுக்கு அனுப்புங்க. எல்லாத்தையும் அந்த கிராஃப் தாளுக்கு அனுப்பி வைக்கிறேன். யாராவது தொட்டபெட்டா போறவங்க இருந்தா, 91.5ஐ கொஞ்சம் சரிபார்த்துட்டு வாங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.